ஃப்யூத்யூர் ஆந்தெரியர்: தமிழில் இல்லாத காலமா?

கேள்வி. 3 நவம்பர் 2025

பிப்ரவரியில் டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித்தேர்வு எழுதுகிறேன். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு வரும் ஜனவரி 1 முதல் பி2 வேண்டும் என்று ஆகிவிட்டது. பி1 சான்றிதழை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். மற்ற காலங்கள் தட்டுத்தடுமாறியாவது வந்துவிட்டன. ஃப்யூத்யூர் ஆந்தெரியர், அதாவது எதிர்காலத்தில் ஒன்று அதற்குள் முடிந்திருக்கும் என்று சொல்லும் காலம் மட்டும் பயிற்சித்தாளில் சரியாக வருகிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது. தமிழில் இப்படி ஒரு காலமே இல்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் எல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

3 நவம்பர் 2025, இரவு

தமிழில் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். "ஆறு மணிக்குள் முடித்திருப்பேன்" என்பது வேறென்ன? நாளைக்குள் எங்கோ ஓர் இடத்தில் போய் நின்றுகொண்டு, அதற்கு முன்னால் முடிந்துபோனதைத் திரும்பிப் பார்க்கிறோம். ழோரே ஃபினி அதையேதான் சொல்கிறது.

(பிரெஞ்சையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். மொழிபெயர்ப்புகளில் ழான், ழூல் என்று எழுதுவார்களே, அந்த ழ. நாமே அதைச் சரியாக உச்சரிப்பதில்லை, பிரெஞ்சுக்காரர்களுக்காவது பயன்படட்டும்.)

அமைப்பில் பயப்பட ஒன்றுமில்லை. பாஸே கோம்போஸே (துணைவினை சேர்த்துச் சொல்லும் இறந்தகாலம்) தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. ழே ஃபினி (முடித்தேன்) என்பதில் முன்னால் இருக்கும் துணைவினை அவ்வாரை (வைத்திரு) எதிர்காலத்துக்குத் தள்ளினால் ழோரே ஃபினி. ழ ஸ்வி பார்த்தி (கிளம்பினேன்) என்பதில் இன்னொரு துணைவினையான எத்ரைத் (இரு) தள்ளினால் ழ ஸெரே பார்த்தி. ஓரே, ஓரா, ஓரா, ஓரோன், ஓரே, ஓரோன். ஸெரே, ஸெரா, ஸெரா, ஸெரோன், ஸெரே, ஸெரோன். எழுத்தில் பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். காதுக்கு வரிசைக்கு மூன்றே ஒலிதான். நான் பல வருடம் கழித்துத்தான் இதைக் கவனித்தேன். முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அட்டவணையைப் பார்த்து அவ்வளவு மிரண்டிருக்க மாட்டேன்.

4 நவம்பர் 2025

நேற்று ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்திருக்கவே கூடாதது.

தமிழில் எந்த வினையாக இருந்தாலும் "இரு"தான் வந்து ஒட்டும். வந்திருப்பேன், முடித்திருப்பேன், சாப்பிட்டிருப்பேன். இரு என்றால் எத்ர். அதனால் நம் நாக்கு எல்லாவற்றுக்கும் எத்ரை இழுத்துக்கொண்டு வரும்.

தெற்கு பிரான்ஸில் இருக்கும் துலூஸுக்கு வந்த முதல் வருடம் ஓர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். வாடிக்கையாளர் வரும் முன்பே, மாலை ஆறரைக்கெல்லாம் ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவோம். ஒருநாள் நான் வர நேரமாகும், வீட்டிலேயே சாப்பிட்டிருப்பேன், எனக்கு எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ராத்திரியெல்லாம் யோசித்து வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போய்ச் சொன்னேன்: "ழ ஸெரே தேழா மான்ழே."

அதற்குள் என்னைத் தின்று முடித்திருப்பார்கள் என்று அர்த்தம்.

செஃப் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "பார் கி?" என்றார். யாரால்? அதற்கப்புறம் ஒரு மாதம் நான் உள்ளே நுழையும்போதெல்லாம், இன்னும் முழுசாகத்தான் இருக்கிறாய் போலிருக்கிறதே என்பார்.

ழோரே மான்ழே. அவ்வார். இதை எந்தப் பயிற்சித்தாளும் எனக்குள் இவ்வளவு ஆழமாக இறக்கியிருக்காது.

4 நவம்பர் 2025, கொஞ்ச நேரம் கழித்து

எத்ர் எடுக்கும் வினைகளுக்கு ஒரு வீட்டுப் படம் வரைந்து சொல்லித்தருவார்கள்: வாசலில் வருவது, உள்ளே நுழைவது, மாடி ஏறுவது, இறங்குவது, படியில் விழுவது, பிறப்பது, இறப்பது, போவது. பாஸே கோம்போஸேக்குப் படித்த அதே வீடுதான். ஸ (தன்னை) சேர்ந்த வினைகளும் எத்ர்தான்: ழ ம ஸெரே லெவே, எழுந்திருப்பேன். புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் விடும் ஒரு சங்கதி உண்டு. நான் இறங்கினால் எத்ர். குப்பையை இறக்கினால் அவ்வார். "கான் ழ ஸெரே தெஸாந்த்யூ", நான் கீழே போன பிறகு. "கான் ழோரே தெஸாந்த்யூ லே பூபெல்", குப்பைத்தொட்டிகளைக் கீழே கொண்டுபோய் வைத்த பிறகு. தமிழில் இறங்கு வேறு, இறக்கு வேறு. ஏறு, ஏற்று. ஒரே ஒரு க், ற் வலித்தால் போதும், நமக்கு அர்த்தம் மாறிவிடும். பிரெஞ்சில் வினை அப்படியே நிற்க, துணைவினை மாறுகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "இறங்கு என்றால் எத்ர், இறக்கு என்றால் அவ்வார்" என்று மனத்தில் போட்டுக்கொண்டபின் ஒருநாளும் தப்பியதில்லை. மோந்தே, ஸோர்த்திர், ராந்த்ரே எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

பூபெல் ஓர் ஆளின் பெயர், தெரியுமா? எழேன் பூபெல், பாரிஸில் பெரிய அதிகாரியாக இருந்தவர். வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி வைக்க வேண்டும் என்று 1883இல் உத்தரவு போட்டார். ஜனங்கள் கோபத்தில் தொட்டிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நான் மூன்று வருடம் அவரைத்தான் தினமும் படியிறக்கினேன்.

6 நவம்பர் 2025

கேட்டவர், "சரி, அமைப்பு தெரிந்தது, எங்கே பயன்படுத்துவது?" என்கிறார்.

சமையலறைக்கு வாருங்கள். அங்கே இந்தக் காலம் நாள் முழுக்கக் காற்றில் இருக்கும். "கான் தோரா ஃபினி லே ஸோன்யோன், த்யூ ஃபெரா லே காரோத்." வெங்காயம் முடித்ததும் கேரட்டைப் பிடி. இரண்டு வேலை, இரண்டும் இனிமேல்தான் நடக்க வேண்டும், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. முதலில் முடிகிறதற்கு ஃப்யூத்யூர் ஆந்தெரியர், பின்னால் வருவதற்குச் சாதாரண எதிர்காலம். கான் (எப்போது), தே க (உடனே), யூன் ஃப்வா க (ஒருதரம் முடிந்தபின்), ஆப்ரே க (பிறகு), இவற்றுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இங்கே நமக்கு இரண்டு குழி. ஒன்று: தமிழில் "நாளைக்கு நீ வந்த பிறகு பேசலாம்" என்கிறோம். நாளைக்கு, ஆனால் வந்த. இன்னும் நடக்காத வருகைக்கு இறந்தகால எச்சம். தமிழில் இது எவ்வளவு விநோதம் என்று பிரெஞ்சு படிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. அப்படியே பெயர்த்துப்போட்டு "நாளைக்கு நான் வந்தேனே, அப்போது" என்கிற மாதிரி, கான் ழ ஸ்வி அரிவே தமேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்கிறவர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள்.

இரண்டாவது குழி ஆழமானது, தனியாக எழுதுகிறேன். இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

6 நவம்பர் 2025, நள்ளிரவு

இரண்டாவது குழி: "ஆல்".

"வெங்காயம் முடிந்தால் கேரட் பண்ணுகிறேன்" என்று தமிழில் சொன்னால் அதில் சந்தேகம் ஏதும் இல்லை. முடியத்தான் போகிறது. இதை நான் "ஸி" போட்டுச் சொன்னேன்: "ஸி ழே ஃபினி லே ஸோன்யோன், ழ ஃபெரே லே காரோத்." இலக்கணத்தில் தப்பே இல்லை. ஸிக்குப் பின்னால் எதிர்காலம் வரக்கூடாது என்ற விதியைக்கூட ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தேன். செஃப் திரும்பிப் பார்த்து, "பா ஸி. கான்!" என்று கத்தினார். ஒருவேளை முடித்தால் என்று சொல்கிறாய்; எழுபது பேர் சாப்பிட வருகிறார்கள், ஒருவேளை எங்கே வந்தது?

அன்றைக்குத்தான் புரிந்தது. கான் தோரா ஃபினி என்பதில் ஓர் உறுதி இருக்கிறது. நீ முடிப்பாய், அதில் பேச்சில்லை, முடித்த அந்த இடத்திலிருந்து மேலே பேசுவோம். நம் "முடிந்தால்" உறுதிக்கும் சந்தேகத்துக்கும் பொது. தமிழில் யோசிக்கும்போது "முடிந்ததும்" என்று மாற்றி யோசியுங்கள். பிறகு பிரெஞ்சுக்குப் போங்கள். ஸி தானாக விலகிவிடும்.

9 நவம்பர் 2025

அப்புறம் ஊகம். இதில் நமக்குப் பரம்பரைச் சொத்தே இருக்கிறது.

அம்மா கும்பகோணத்திலிருந்து கூப்பிடுவாள். அங்கே இரவு பதினொன்றரை, இங்கே குளிர்காலத்தில் ஏழு. "இந்நேரம் சாப்பிட்டிருப்பே" என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் எதிர்காலத்தைச் சொல்லவில்லை. நடந்து முடிந்திருக்க வேண்டிய ஒன்றை, பார்க்காமல், ஊகித்துச் சொல்கிறாள். பஸ்ஸை விட்டிருப்பான். மறந்திருப்பாள். மழை பெய்திருக்கும். பிரெஞ்சிலும் அப்படியே: இல் ஓரா மாங்க்கே ஸோன் த்ரேன், ரயிலை விட்டிருப்பான். எல் ஓரா உப்ளியே. இல் ஓரா ப்ல்யூ.

நாம் அப்படியே நடந்து உள்ளே போகலாம். கதவு மணி அடித்தால் "ஸ ஸெரா ல ஃபாக்தர்" என்று ஒரு வாக்கியம் இலக்கணப் புத்தகத்தில் உண்டு. தபால்காரராக இருக்கும். இருக்கும்! வேறு எப்படிச் சொல்வது?

ஆகவே பயிற்சி இதுதான்: யாராவது தாமதமாக வந்தால் உடனே இரண்டு காரணம் ஊகித்து இந்தக் காலத்தில் சொல்லிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள்.

14 நவம்பர் 2025

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். நாள் முழுக்க அப்படிப் பேசுவதில்லை.

ஐந்து நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இப்போது சமையலில் இல்லை, கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஓயாமல் பேசுகிறவர்கள்தான் எல்லாரும். யாரோ தாமதம் என்றால் "இல் ஆ த்யூ மாங்க்கே ஸோன் த்ரேன்" என்றார்கள். எல்லாம் ஆ த்யூ, ஆ த்யூ, ஆ த்யூ. விட்டிருக்க வேண்டும் என்கிற மாதிரி. ஐந்து நாளில் ஒரே ஒரு "ஓரா உப்ளியே" காதில் விழுந்தது. அதுவும் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் ஒரு பெரியவர் வாயிலிருந்து. கேட்டால் சிரித்தார். சரிதான், ஆனால் கொஞ்சம் எழுத்து நடை, கொஞ்சம் மிடுக்கு என்றார்.

தேர்வில் எழுதினால் நல்லது. தெருவில் ஆ த்யூ.

இன்னொன்றும் சரிசெய்ய வேண்டும். முதல் நாள் "ஆறு மணிக்குள் முடித்திருப்பேன்" என்று அடித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு நானே ஒருவாரம் கவனித்தேன். என் வாயிலிருந்து வருவது "முடிச்சுடுவேன்". முடித்துவிடுவேன்! கேட்டவருக்குத் தமிழில் இந்தக் காலம் இல்லை என்று தோன்றியதில் நியாயம் இருந்திருக்கிறது. இருக்கிறது, அலமாரியில் மடித்து வைத்திருக்கிறோம். தினப்படிக்கு உடுத்துவது "விடு".

ஆக, கணக்கு இப்படி முடிகிறது. தமிழில் "இருப்பான்" என்றால் முதலில் ஊகம், எப்போதாவதுதான் எதிர்காலத்தில் முடிந்த வேலை. பிரெஞ்சில் "ஓரா" என்றால் முதலில் எதிர்காலத்தில் முடிந்த வேலை, எப்போதாவதுதான் ஊகம். இரண்டு மொழிக்கும் அதே இரண்டு அறை இருக்கிறது, எதைக் கூடமாக்குவது எதைப் பரணாக்குவது என்பதில்தான் மாற்றிப்போட்டிருக்கிறார்கள். எனக்கு வாயில் வராமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். "முடித்துவிடுவேன்" என்று மனம் யோசிக்கும், அது நேராக ழ ஃபினிரே என்று சாதாரண எதிர்காலத்தில் போய் இறங்கிவிடும்.

15 நவம்பர் 2025

கேட்டவர் "விடுவேன் வந்தால் அதை ழோரே ஆக்கிவிடலாமா?" என்கிறார். எப்போதும் இல்லை. "விழுந்துவிடுவேன்" என்பதை ஆக்கினால் குழப்பம். "அதற்குள்" என்று ஒன்று பக்கத்தில் இருந்தால் ஆக்குங்கள். ஆறு மணிக்குள், வெள்ளிக்குள், நீ வருவதற்குள். பிரெஞ்சில் அதற்கு திஸி: திஸி வான்த்ரதி, ழோரே ஃபினி. உள் வந்தால் ழோரே. என் சொந்த விதி, எந்தப் புத்தகத்திலும் இல்லை, பத்துக்கு எட்டு தேறும்.

15 நவம்பர் 2025

துலூஸ் மெட்ரோவின் மூன்றாவது பாதை 2028 கடைசியில் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். "ஃபேன் 2028, இல் ஸோரோன் ஃபினி." 2028 கடைசியில் முடித்திருப்பார்கள். இது எதிர்காலமா ஊகமா என்று எங்கள் அலுவலகத்தில் கருத்து வேறுபாடு.

21 நவம்பர் 2025

காஸூலே செய்தேன், பீன்ஸும் கறியும் சேர்த்து வேகவைக்கும் இந்தப் பக்கத்துப் பதார்த்தம். துலூஸில் இருந்துகொண்டு செய்யாமல் இருக்க முடியாது, காஸ்தெல்நோதாரிக்காரர்கள் அது எங்களுடையது என்பார்கள், கார்காஸோனும் விடாது. விஷயம் அதுவல்ல. பழைய சமையல் குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு செய்தேன், வரிக்கு வரி நம் ஆள்தான். பீன்ஸ் இரவெல்லாம் ஊறியிருக்கும்போது, யூன் ஃப்வா க லே ஆரிகோ ஓரோன் த்ராம்ப்பே. வாத்துக் கறியின் கொழுப்பு உருகியிருக்கும்போது. கடைசியில் அடுப்பில் மேலே ஆடை பிடிக்கும், அதை உடைத்து உள்ளே அமுக்க வேண்டும், மறுபடி பிடிக்கும், மறுபடி அமுக்க வேண்டும். ஏழு தடவை என்று பெருமையடிப்பார்கள். "கான் லா க்ரூத் ஸ ஸெரா ஃபோர்மே, வூ லான்ஃபோன்ஸெரே." ஆடை படிந்த பிறகு அதை அமுக்குவீர்கள்.

நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன், பசி.

பயிற்சிக்குச் சமையல் குறிப்பைப் போல ஒன்று கிடையாது. சாம்பார் வைப்பதை இந்தக் காலத்தில் எழுதிப் பாருங்கள். பருப்பு வெந்த பிறகு, புளி கொதித்த பிறகு, கடுகு வெடித்த பிறகு. நம் சமையலே ஒன்று முடிந்து ஒன்று. வெங்காயம் வதங்காமல் தக்காளி போட முடியாது. எட்டு வரிக்குள் எட்டு ஃப்யூத்யூர் ஆந்தெரியர் வந்துவிடும்.

22 நவம்பர் 2025

ஒருவர் தனியாக எழுதித் திருத்தினார். நான் கேட்டவருக்கு அனுப்பிய சாம்பார்க் குறிப்பில், அவள் கை கழுவிய பிறகு என்பதற்கு "எல் ஸ ஸெரா லாவே லே மேன்" என்று எழுதி, லாவேக்குப் பெண்பால் ஈ சேர்த்திருந்தேன். தப்பு. அவள் தன்னையே கழுவிக்கொண்டால், அதாவது குளித்தால், ஈ உண்டு. கையைக் கழுவினால், கை பின்னால் வருகிறது, ஈ கிடையாது. காதுக்கு இரண்டும் ஒன்றேதான், எழுத்துத் தேர்வில் மட்டும் மாட்டிக்கொள்வோம். பெண்ணாக இருப்பதால் ழ ஸெரே பார்த்தி என்றாலே எனக்கு ஈ சேர்த்துக் கை பழகிவிட்டது. அந்தக் கைதான் இங்கேயும் சேர்த்திருக்கிறது. நன்றி.

30 நவம்பர் 2025

இந்த இழையிலேயே முக்கியமான தப்பு இதில்தான் வரும், கவனம்.

"சொல்லியிருந்தால் வந்திருப்பேன்." இந்த "வந்திருப்பேன்" எதிர்காலமும் இல்லை, ஊகமும் இல்லை. வரவில்லை என்பதுதான் செய்தி. பிரெஞ்சில் இதற்கு வேறு காலம், கோந்திஸியோனெல் பாஸே: ழ ஸெரெ வன்யூ. ழ ஸெரே வன்யூ என்றால் வந்துவிட்டிருப்பேன், ழ ஸெரெ வன்யூ என்றால் வந்திருப்பேன், ஆனால் வரவில்லை. எழுத்தில் கடைசியில் ஓர் எஸ். ஒலியில் ரே, ரெ. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதையும் துலூஸில் காட்டமாட்டார்கள். தெற்கத்திக்காரர்களுக்கு இரண்டுமே ரேதான். தமிழும் ஒன்றாக்கிவிட்டது, துலூஸும் ஒன்றாக்கிவிட்டது, நடுவில் நான் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் எஸ் போடுவதா வேண்டாமா என்று திணறுகிறேன். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவருக்கு, வெள்ளிக்குள் பில்லை அனுப்பியிருப்பேன் என்று எழுத வேண்டிய இடத்தில் எஸ் போட்டுவிட்டேன். அனுப்பியிருப்பேன், என்ன செய்வது, முடியாமல் போய்விட்டது என்கிற தொனி. அவர் உடனே போன் செய்து, ஏன், என்ன தடை என்று கேட்டார். தடை எஸ்தான்.

இதற்கு இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வித்தை ஒன்று இருக்கிறது. நான் என்பதை எடுத்துவிட்டு நாம் போட்டுப் பாருங்கள். நூ ஸோரோன் வந்தால் எஸ் இல்லை. நூ ஸோரியோன் வந்தால் எஸ். நூ வைத்தால் யாருக்கும், தெற்கத்திக்காரருக்கும்கூட, காது கேட்கும். தமிழுக்கு என் வித்தை: வாக்கியத்தின் கடைசியில் "ஆனால்" என்று சேர்த்துப் பாருங்கள். ஒட்டினால் எஸ்.

1 டிசம்பர் 2025

ஓரே, ஓரா என்ற முடிவுகளைக் கூர்ந்து பார்த்தால் அவ்வாரின் நிகழ்காலம்தான், அவோன், அவே இரண்டில் மட்டும் முன்பாதி உதிர்ந்திருக்கும்: ஏ, ஆ, ஆ, ஓன், ஏ, ஓன். லத்தீன் பேச்சில் அவ்வாரின் மூதாதையைப் போட்டு "எனக்குப் பாட இருக்கிறது" என்கிற மாதிரி சொல்லிச் சொல்லி, அது ஒட்டிப்போய்ப் பிரெஞ்சின் எதிர்காலம் ஆகிவிட்டது. ஆக ழோரே ஷாந்தே (பாடியிருப்பேன்) என்பதில் அவ்வார் இரண்டு தடவை ஒளிந்திருக்கிறது. நாம் "இரு" ஒன்றை ஒட்டினால் போதும் என்று விட்டோம்.

7 டிசம்பர் 2025

ஆப்ரே க பற்றி ஒரு சண்டை. விதிப்படி ஆப்ரே கவுக்குப் பின்னால் ஃப்யூத்யூர் ஆந்தெரியர்தான்: ஆப்ரே க த்யூ ஓரா ஃபினி. ஆனால் என் பக்கத்து மேசைக்காரி, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், ஸ்யூப்ழோங்க்தீஃப் (சந்தேகத்துக்கும் விருப்பத்துக்கும் வரும் வினைவடிவம்) போட்டு ஆப்ரே க த்யூ எ ஃபினி என்கிறாள். ஆவான் கவுக்கு ஸ்யூப்ழோங்க்தீஃப் வருவதால் ஆப்ரேக்கும் தொற்றிக்கொண்டது. முன்னால் என்றால் இன்னும் நடக்கவில்லை, சந்தேகம். பின்னால் என்றால் நடந்தே ஆகிவிட்டது, அதனால் சந்தேகத்துக்கான காலம் வேண்டாம். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. விளக்கியவள் நான், திருத்தப்பட்டவள் அவள், அன்றைக்கு மதியம் காப்பிக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை.

தேர்வில் விதிப்படி எழுதுங்கள். காப்பி நேரத்தில் திருத்தாதீர்கள்.

8 டிசம்பர் 2025

முதல் குழியைப் பற்றிச் சொன்னதையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதே பக்கத்து மேசைக்காரி (சமாதானம் ஆகிவிட்டது) இன்று சொன்னது: "தே க தா ஃபினி, த்யூ மாபெல்." முடித்ததும் கூப்பிடு. தோரா இல்லை, தா. பாஸே கோம்போஸே! அதாவது பேச்சில் அவர்களும் நம்மைப் போல இறந்தகாலத்தைத் தூக்கி நாளைக்குப் போடுகிறார்கள். கவனித்துப் பார்த்தால் பின்பாதியும் நிகழ்காலத்தில் இருக்கும்போதுதான் இப்படி. பின்பாதி எதிர்காலம் என்றால் முன்பாதியும் தோரா ஆகிறது. என்னுடைய கான் ழ ஸ்வி அரிவே தமேனுக்கு மன்னிப்பு இல்லை. ஆனாலும் வெட்கப்பட்ட அளவுக்கு அது அந்நியமானது இல்லை என்று இத்தனை வருடம் கழித்து ஓர் ஆறுதல்.

28 டிசம்பர் 2025

வருடக் கடைசி. பத்திரிகையைத் திறந்தால் ஓரா எதே, ஓரா எதே. 2025 இப்படிப்பட்ட வருடமாக இருந்தது என்பதற்கு இருந்திருக்கும் என்று எழுதுகிறார்கள்! போன வருடம் டிசம்பரில் பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயம் மறுபடி திறந்தபோதும் இந்த வாய்ப்பாடுதான் பொருந்தியது: 2019 ஏப்ரலில் எரிந்தது, 2024 டிசம்பரில் திறந்தது, "இல் ஓரா ஃபல்யூ ப்ல்யூ த ஸேங்க் ஆன்." ஐந்து வருடத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கும் என்று நேராகப் பெயர்த்தால் அபத்தம். தேவைப்பட்டது, முடிந்தது, நமக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் ஏன் எதிர்காலம்?

ரொம்ப நேரம் யோசித்தேன். கணக்கு முடித்துப் பேரேட்டை மூடும்போது வரும் காலம் இது. பின்னாளில் ஒருவர் திரும்பிப் பார்த்தால் இப்படித்தான் தெரியும் என்று, அந்தப் பின்னாளில் போய் நின்று சொல்கிறார்கள். செத்துப்போனவரைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள். தமிழில் இதற்கு அறையும் இல்லை, பரணும் இல்லை. கடைசியாக ஒன்றாவது கேட்டவர் சொன்னது சரி.

இதன் தெருமுனை வடிவங்கள் உண்டு. "ஓன் நோரா தூ வ்யூ!" எல்லாக் கண்றாவியையும் பார்த்தாயிற்று. "த்யூ லோரா வூல்யூ", நீயாகத் தேடிக்கொண்டது. இவற்றை முழுசாக மனப்பாடம் செய்துவிடுங்கள், அலசாதீர்கள்.

11 ஜனவரி 2026

கேட்டவருக்கு நேரம் குறைவு. அதனால் நான் இப்போதும் செய்கிற பயிற்சியைச் சொல்கிறேன். காலையில் ஏதாவது பில்லின் முதுகில் ஐந்து வரி. இரவுக்குள் என்னென்ன முடித்திருப்பேன் என்று. அதில் இரண்டு எத்ர் வினை கட்டாயம், ஒன்றாவது இல்லை (பா) என்று வர வேண்டும், ஒன்றில் தேழா (ஏற்கெனவே) வர வேண்டும், ஏனென்றால் தேழாவும் பாவும் நடுவில் நுழையும் இடம் எனக்குத் தடுக்கும்: ழ நோரே பா ஃபினி, ழோரே தேழா ஃபினி. இரவு அதே தாளை எடுத்து, செய்ததை எல்லாம் பாஸே கோம்போஸேக்கு மாற்ற வேண்டும்.

செய்யாததை என்ன செய்வது என்று முதலில் தெரியவில்லை. இப்போது தெரியும். பேரேடு மூடும் காலம்! "ழ நோரே ரியேன் ஃபே த லா ழூர்னே." ஆக நாளெல்லாம் ஒன்றுமே செய்யவில்லை. காலையில் ஐந்து, இரவில் பெரும்பாலும் இந்த ஒன்று.

18 ஜனவரி 2026

எழுத்துத் தேர்வுக்கு: ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொல், பெரும்பாலும் முறையான கடிதம் அல்லது கருத்துக் கட்டுரை. எங்கேயாவது "வூ லோரே கோம்ப்ரி" என்று ஒன்று வைத்துவிடுங்கள். உங்களுக்குப் புரிந்திருக்கும். பேச்சாளர்கள் வாயில் நிமிடத்துக்கு ஒருதரம் வரும். தமிழ் மேடையில் "கேள்விப்பட்டிருப்பீர்கள்" என்பார்களே, அதன் தம்பி. ஆ த்யூவோடு போட்டியே இல்லாத ஊகம் இது ஒன்றுதான். நவம்பரில் அது என் நினைவுக்கு வரவில்லை.

ஒன்று போதும். மூன்று வேண்டாம்.

15 பிப்ரவரி 2026

கேட்டவர் தேர்வு முடித்துவிட்டு எழுதியிருக்கிறார். மூன்று வைத்தாராம். வாய்மொழித் தேர்வில் "ஸி" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "கான்" என்று மாற்றிக்கொண்டாராம். தேர்வாளர் அம்மா தலையை ஆட்டினாராம், நல்லதற்கா கெட்டதற்கா தெரியவில்லையாம். முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது.

பாஸ் பண்ணியிருப்பார். இது எந்த இருப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள்.